வெளுக்க மறுத்த தாள்

துலூத் நகரில் ஜனவரி.
மோட்டலின் சலவை அறையில்
கடைசி உலர்த்தியும் சுற்றி ஓய்ந்தபின்
துணி மடிக்கும் மேசைமேல் செய்தித்தாள் விரிக்கிறோம்,
மார்கிட்டும் நானும்.

ஜன்னலை ஒரு சாண் திறந்துவைக்க வேண்டும்.
வெளியே ஏரி உறைந்து முனகுகிறது.
இருந்தாலும் திறக்கத்தான் வேண்டும்,
இல்லையென்றால் கண்ணெரியும்,
அழுதாயா என்று இரவுக் காவலாளி கேட்பான்.

கண்ணாடித் தட்டில் ஒரு பங்கு பிளீச்,
இரண்டு பங்கு தண்ணீர்,
மடித்துப் போட்ட ஸ்பாஞ்ச்.
அதில் ரப்பர் முத்திரையை ஒற்றியெடுத்து
கருநீலத் தாளில் அழுத்தி
மூச்சைப் பிடித்துக்கொள்கிறோம்.
முதலில் வெறும் ஈரம்.
பிறகு மெல்ல, ஓரங்களில் தொடங்கி,
காயம் ஆறிய தோலின் நிறத்தில்
ஒரு பைன் மரம்.

பகலெல்லாம் இதே திரவத்தால்
மற்றவர்களின் இரவுகளை அழிக்கிறேன்:
ஒயின், கண்மை, மூக்கில் வழிந்த ரத்தம்,
ஒருமுறை தலையணை உறையில்
பேனாவால் எழுதிய ஒரு தொலைபேசி எண்.
முக்கியெடுக்கும் முன் அதை
வாய்விட்டுப் படித்தேன்.
ஏனென்று தெரியாது.

ஒவ்வொரு தாளும் ஒவ்வொரு விதம்.
பச்சை மோராகும்.
ஊதா கூச்சப்பட்டுச் சிவக்கும்.
கருப்பைத்தான் முன்கூட்டிச் சொல்ல முடியாது.
ஒரு கடைக் கருப்பு செப்புக்காசாகும்,
இன்னொன்று துரு,
இன்னொன்று, சொன்னால் நம்பமாட்டீர்கள்,
நரியின் முதுகு.
கருப்பென்று காசு கொடுத்து வாங்குவது
எதெதையோ மூடிய மூடி.
"சாயம் வெளுத்தால்தானே தெரியும் ஆள் யாரென்று"
என்று சிரிக்கிறாள் மார்கிட்.
தாளைச் சொல்கிறாளா,
முன்னாள் கணவன் லெஸ்டரைச் சொல்கிறாளா,
நான் கேட்டதில்லை.

தூரிகை நைலானாக இருக்கட்டும்.
அணில்முடித் தூரிகையை ஒருநாள்
தட்டிலேயே மறந்துவிட்டுப் போனோம்.
காலையில் காம்பு மட்டும் கிடந்தது.

பிப்ரவரியில் ஆர்வோவுக்கு ஐம்பது வயது.
அப்பாவின் படகை விற்ற பணத்தைப் பிரித்த அன்று
தொடங்கிய மௌனத்துக்குப் பதினொன்று.
தம்பிக்கு என்பதால்
இருப்பதில் விலை கூடிய கருப்பை எடுத்தேன்.
படகு வரைந்தேன்.
இரண்டு துடுப்பு, ஒடுங்கிய முன்பக்கம்,
அவன் பல்லை உடைத்துக்கொண்ட அந்தக் குறுக்குப் பலகை.
காத்திருந்தோம்.
ஒன்றும் வரவில்லை.
தண்ணீர் கலக்காமல் இன்னொரு முறை.
இஸ்திரிப் பெட்டியால் சூடு காட்டி இன்னொரு முறை.
தாள் அசைந்துகொடுக்கவில்லை.
எந்த ஆலையில் யார் ஊற்றிய சாயமோ
கல்லுளிமங்கனாய் உட்கார்ந்திருந்தது.
விளக்கில் சாய்த்துப் பிடித்தால் மட்டும்
ஈரம் பட்ட இடம் லேசாய்ப் புடைத்து
புறங்கை நரம்புபோல் ஒரு படகு.

"வேறு தாள் எடு" என்றாள் மார்கிட்.
நான் எடுக்கவில்லை.
உள்ளே எழுதவும் ஒன்றும் தோன்றவில்லை.
வெர்னா என்று மட்டும் எழுதி
முழுதாய்க் காயும் முன்பே உறையிலிட்டு
அரிசோனாவுக்கு அனுப்பிவிட்டேன்.
யோசித்தால் அனுப்பியிருக்க மாட்டேன்.

மார்ச் கடைசியில் பதில் வந்தது.
பெட்ரோல் பங்கில் விற்கிற கள்ளிச்செடி அட்டை,
பின்னால் அவனுடைய கோணல் எழுத்து:

"கருப்பாய் ஏதோ வந்தது.
படம் எதுவும் தெரியவில்லை,
எனக்குக் கண்ணாடி மாற்ற வேண்டும்.
ஆனால் உறையைப் பிரித்ததுமே
நம் நகராட்சி நீச்சல்குளம் வந்துவிட்டது சமையலறைக்குள்.
அதே நெடி.
ஆழமான பக்கத்தில் என்னைத் தள்ளிவிட்டாயே,
அதற்கு நீ இன்னும் மன்னிப்புக் கேட்கவில்லை."

படகைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை.
பணத்தைப் பற்றியும்.

மூன்றுமுறை படித்துவிட்டு
ஏப்ரன் பைக்குள் வைத்துக்கொண்டேன்.
"என்னவாம்?" என்றாள் மார்கிட்,
முத்திரையைக் குழாயடியில் கழுவிக்கொண்டே.
"நான் தள்ளவே இல்லை" என்றேன்,
"அவனாகத்தான் குதித்தான்."

அவள் பதில் சொல்லாமல்
என் முழங்கையைச் சுட்டிக்காட்டினாள்.
கருப்பு ஸ்வெட்டரில்
எப்போது தெறித்ததோ,
ஆரஞ்சுப் பொட்டொன்று
நாங்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே
விரிந்துகொண்டிருந்தது.